பக்கத்துச் சுருதி

ஒரு மலை. மலையின் தலையில் ஒரு சட்டி.

இரும்புச் சட்டி. ஊரே திரண்டு தள்ளினாலும் அசையாது. ஒரு பொத்தானைத் தொட்டால் வானத்துப் பக்கம் மெல்லத் திரும்பும். கீழூர்க்காரர்கள் அதைச் சட்டி என்றுதான் சொல்வார்கள். இவ்வளவு பெரிய சட்டியில் இதுவரை ஒரு பருக்கை வெந்ததில்லை என்று கேலியும் உண்டு. மேலே இருந்தவர்கள் அதைக் காது என்றார்கள். மேலே இருந்தவர்கள் என்றால் கூட்டம் ஒன்றுமில்லை. தையல்நாயகி. நயினார். அவ்வளவுதான்.

தையல்நாயகி குரு. நாற்பதைத் தாண்டியவள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அது பெரும்பாலும் வேலை ஏவுவதாக இருக்கும்.

நயினார் சீடர். அவளைவிட வயதில் ரொம்ப மூத்தவர். தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊர் பேசுவதை ஊருக்கு இணைத்துவிட்டே தலை நரைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போ என்று அனுப்பியபோது அவருக்கு வீடு கிடையாது. அண்ணன் வீடுதான் இருந்தது. அந்த அண்ணனும் படுக்கையில் விழுந்தபிறகு இவர் மலை ஏறிவிட்டார். காது வைத்துக் கேட்கிற வேலை என்றார்கள், வந்தார்.

அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். வந்த அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும், இரண்டாவது கேள்விக்குத் தனக்குப் பொறுமை கிடையாது என்று.

அன்றைய கேள்வி காலைக் கஞ்சியோடு வந்தது.

"ஒருத்தர் உள்ள இருக்காரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, டீச்சர்?"

"கதவைத் தட்டணும்."

"தட்டியாச்சு. பதில் இல்ல."

அவள் துவையலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கஞ்சி ஆறுது" என்றாள்.

நயினாருக்குக் கஞ்சி இறங்கவில்லை. முந்தின நாள் சித்தப்பா கூப்பிட்டிருந்தார்.

மலைமேல் கைபேசிக்கு இடமில்லை. அதன் இரைச்சல் காதுக்கு ஆகாது என்று அடிவாரத்துக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சரிவில் இறங்கினால் ஜீப் நிற்கிற கொட்டகை. அங்கே கம்பியில் வருகிற பழைய தொலைபேசி ஒன்று. மணி அடித்தால் மலை முழுக்கக் கேட்கும். அடிப்பதுதான் அபூர்வம்.

சித்தப்பா சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டார். உலகநாதனைக் காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்று குடும்பத்தில் பேச்சு. வெள்ளிக்கிழமை வண்டி வரும். அவன் போய்விட்டான், உடம்புதான் கிடக்கிறது, அதற்கு ஒருத்தி ராவும் பகலும் கிடந்து அல்லாட வேண்டாம். ரத்த சொந்தம் நீதான், நீ சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூப்பிடுகிறேன் என்றார். போனை வைக்கப் போனவர் வைக்காமல் இன்னொன்றும் சொன்னார். உன் மதினி இப்போது தானாகச் சிரிக்கிறாளாம். தெருவில் போகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். புருஷன் மரக்கட்டையாகக் கிடக்கிற வீட்டில் என்னடா சிரிப்பு. அந்தப் பேச்சு வேறு கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும்.

உலகநாதன்தான் நயினாரின் அண்ணன். மைக் செட்காரர். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் காணாமல்போன ஆட்டுக்கும் அவர் குரல்தான். மைக் இல்லாமல் பேசினாலே மூன்று தெருவுக்குக் கேட்கும். அவர் வீட்டில் இருந்தால் ரேடியோவை அணைத்துவிடலாம் என்பார்கள். அவர் பெண்டாட்டி உலகம்மாள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. திறக்க இடம் இருந்தால்தானே.

போன அம்மன் கொடையில் மைக்கைப் பிடித்தபடியே விழுந்தார். அப்புறம் பேச்சில்லை, அசைவில்லை. நயினார் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணே என்று கூப்பிட்டார். கண் திறந்துதான் இருந்தது. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொலைபேசிக்காரருக்கு ஒன்று தெரியும். அந்தப் பக்கம் மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் ஒரு சத்தம். வேறு ஆளோடு பேசிக்கொண்டிருந்தால் வேறொரு சத்தம். கம்பியே அறுந்துபோயிருந்தால் சத்தமே இருக்காது. அண்ணன் கண்ணில் அவர் கண்டது மூன்றாவதை. மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. எப்போதாவது போன் செய்வார். அண்ணன் எப்படி இருக்கான் என்பார். நல்லா இருக்காங்க என்று மதினி சொல்லுவாள். எல்லாரும் சொல்கிறதுதானே என்று வைத்துவிடுவார்.

கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வேலைக்கு வந்தார்.

வேலை ஒரு முகில். வானத்தில் ஒரு மூலையில் நட்சத்திரங்களுக்கு நடுவே மை கொட்டின மாதிரி ஒரு கருப்பு. மழை முகில் அல்ல. வாயுவும் தூசியும். அதற்குள்ளே மூலக்கூறுகள் திரிகின்றன. அதில் ஒன்று ஐந்து அணுக்களை வரிசையாகக் கோர்த்த குச்சி. குச்சி சுழலும். சுழல்கிற குச்சி ஒரு சுருதி கொடுக்கும். ரேடியோ அலையாக அது முகிலைத் தாண்டி, வெளியைத் தாண்டி இந்தச் சட்டியில் வந்து விழும். திரையில் ஒரு மேடாகத் தெரியும். சுற்றிலும் புல் மாதிரி இரைச்சல். அந்தப் புல்லைக் களை பறித்து மேட்டைச் சுத்தமாக நிறுத்துவது நயினார் பொறுப்பு.

தையல்நாயகி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"பக்கத்துல ஒரு சின்ன மேடு இருந்துதே. எங்க?"

"பறிச்சுட்டேன்."

"எதுக்கு?"

நயினார் விளக்கினார். அது குறுக்குப் பேச்சு. ஒரு கம்பியில் ஆள் பேசும்போது பக்கத்துக் கம்பியில் பேசுகிறவன் குரல் மெலிசாகக் கசியும். தொலைபேசி நிலையத்தில் தினம் பார்த்தது. பெரிய குரலுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் குரல் கேட்டால் அதைச் சட்டை செய்யக் கூடாது. அப்படித்தான் பழக்கம். வந்ததிலிருந்து அந்தச் சின்ன மேட்டை விடாமல் பறித்துப் போட்டுக்கொண்டிருப்பதாகக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

தையல்நாயகி அவரைத் திட்டவில்லை. பொத்தானைத் தொட்டாள். சட்டி முனகிக்கொண்டே திரும்பியது. முகிலை விட்டு, ஒன்றுமில்லாத வெறும் வானத்தைப் பார்த்து நின்றது.

திரையில் பெரிய மேடு போயிற்று. சின்ன மேடும் போயிற்று.

மறுபடி முகிலுக்குத் திருப்பினாள். இரண்டும் வந்தன.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, முகிலின் ஓரத்துக்குச் சட்டியைத் திருப்பினாள். பெரிய மேடு இருந்தது. சின்னது இல்லை.

"கசிவுன்னா பெரிசு எங்க இருக்கோ அங்கெல்லாம் சின்னதும் இருக்கணும்ல, அண்ணாச்சி?"

நயினார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தும் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப அது என்னது?"

"அதே குச்சிதான். நெளிஞ்சுக்கிட்டே சுத்துது. நேரா சுத்தினா ஒரு சுருதி. நெளிஞ்சுக்கிட்டே சுத்தினா பக்கத்துலயே இன்னொரு சுருதி."

"நெளியறது எதனால?"

"நீங்க சொல்லுங்க."

அவர் யோசித்தார். கூட்டத்தில் மாட்டினவன் நெளியத்தான் செய்வான். திருவிழாவில் பார்த்திருக்கிறோமே. பக்கத்தில் இருக்கிறது வந்து இடிக்கும், இது வளையும். நெரிசல் என்றார்.

தையல்நாயகி அடுக்களைக்குப் போய்த் திரும்பினாள். அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு நல்லமிளகை வைத்தாள்.

"பின்னால தண்ணித்தொட்டி காலியாத்தான் கெடக்கு. இந்த ரெண்டையும் ஆளுக்கொரு மூலையில போடுங்க. போட்டுட்டு உள்ள உக்காருங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இடிச்சா வந்து சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சின்னப் பிள்ளை இல்ல, டீச்சர்."

"தெரியுது. அதான் தொட்டியில ஏறுறப்ப பாத்து ஏறுங்கன்னு சொல்ல வந்தேன்."

சிமெண்டுத் தொட்டி. கோடைக்கு வெடிப்பு அடைப்பதற்காகக் காலி செய்து போட்டது. ஒரு கல்யாணப் பந்தியே உட்காரலாம். நயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். ஒரு மிளகை அந்த மூலையில் எறிந்தார். ஒன்றை இந்த மூலையில். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

காற்று உள்ளே இறங்கும்போது மிளகு உருளும். கொஞ்ச தூரம் போய் நிற்கும். மறுபடி காற்று வந்தால் வேறு பக்கம் போகும். ஒன்று கிழக்கே போனால் ஒன்று சுவரோரமே கிடந்தது. இரண்டும் நடுத்தொட்டிக்கு வந்த மாதிரி இருந்தது ஒரு தடவை. நயினார் முதுகை நிமிர்த்தினார். காற்று மாறியது. விலகிப் போயின.

வெயில் தொட்டிக்குள் நேராக இறங்கியது. மேலே சதுரமாக வானம். சட்டியின் விளிம்பு கொஞ்சம் தெரிந்தது. வேறொன்றுமில்லை. குருவி கூட அந்த உயரத்துக்கு வருவதில்லை.

நிலையத்தில் வேலை பார்த்தபோது ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை. காதுக்குள் எப்போதும் ஊர் இரைந்துகொண்டிருக்கும். ஆனால் அதில் ஒரு குரல்கூட அவரைக் கூப்பிட்டது கிடையாது. எல்லாம் அடுத்தவனுக்கு வந்த அழைப்பு. ராத்திரி வீட்டுக்குப் போனால் அண்ணன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, என்னலே நயினா, இன்னிக்கு யாரு யாரைப் பிடிச்சுக் குடுத்தே என்பார். அது ஒன்றுதான் அவருக்கு என்று வந்த குரல். அதுவும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

மிளகு உருண்டது. நின்றது.

சாப்பாட்டு நேரம் தாண்டி தையல்நாயகி தொட்டியின் விளிம்பில் தலையை நீட்டினாள். ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

"இடிச்சுதா?"

"இல்ல."

"இனிமே?"

"சாயங்காலத்துக்குள்ள இடிச்சாலும் இடிக்கலாம்."

"முகில்ல நிலைமை இதைவிட மோசம், அண்ணாச்சி. ஒரு குச்சியை இன்னொண்ணு வந்து இடிக்கணும்னா ஒரு பகல் போயிரும். அதுவும் அங்க இருக்குற குளிருக்கு இடியில வலுவும் இருக்காது. ஆனா நெளிஞ்ச குச்சி கொஞ்ச நேரத்துல நிமிர்ந்துரும். அப்புறமும் அந்தச் சுருதி விடாம வந்துக்கிட்டே இருக்கு. நீங்க களை பறிச்ச நாளெல்லாம் வந்துது."

நயினார் மோரைக் குடிக்கவில்லை. சொம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"யாரும் இடிக்கலேன்னா?"

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நீளமாகப் பேசினாள். அடுப்புப் பக்கம் கையை நீட்டினால், தொடாமலே சுடுகிறதே, அது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அகச்சிவப்பு என்பார்கள். முகிலுக்குள்ளே ஒரு நட்சத்திரம் கனன்றுகொண்டிருந்தால் அந்தச் சூடு உள்ளே நிறைந்திருக்கும். வெளியே வராது. சுற்றியிருக்கிற தூசி அதைத் தின்றுவிடும். எந்தக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வெளியிலிருந்து கருப்புத்தான். ஆனால் அந்தச் சூட்டில் இருக்கிற குச்சி நெளியும். அது நெளிகிற சுருதியைத் தூசி தடுக்காது.

"நெருப்பு பேசாது. பக்கத்துல இருக்கறது பேசும்" என்றாள்.

"குச்சி காயுதுன்னு சொல்லுங்க."

"காயுதுன்னா என்ன அர்த்தம்? சூடு குடுக்குறதா, வாங்குறதா?"

நயினார் யோசித்தார். வெயில் காய்கிறது என்கிறோம். வெயிலில் போட்ட துணியும் காய்கிறது என்கிறோம். நிலாவும் காயும். குளிர் காய்கிறவனும் காய்கிறான்.

"ரெண்டுக்கும் அதே சொல்லுதான், டீச்சர்."

"சொல்லை உண்டாக்குனவன் விவரமானவன். ஏறி வாங்க. மிளகை விட்டுராதீங்க, ரசத்துக்கு வேணும்."

வேலை முடிந்ததென்று அவள் மறுபடி திரைக்குப் போய்விட்டாள். வாரத்துக்கு ஒருமுறை ஜீப் வரும். அரிசி வரும், எண்ணெய் வரும். அவளுக்கென்று எதுவும் வந்து அவர் பார்த்ததில்லை. வந்திருக்கிறதா என்று அவள் கேட்டும் பார்த்ததில்லை. முகிலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெயில் தாழ்ந்தது. சித்தப்பா கூப்பிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நயினார் முடிவு செய்துவிட்டார். சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். அறுந்த கம்பிக்குக் காவல் எதற்கு. ஆனால் மதினிக்குத் தெரியாமல் அந்த வார்த்தையைச் சொல்வது முறையல்ல. அவளிடம் முதலில் ஒரு சொல் சொல்லிவிட்டு அப்புறம் சித்தப்பாவிடம் சொல்லலாம் என்று கொட்டகைக்கு இறங்கினார்.

அந்தத் தொலைபேசியைக் கையில் எடுத்தாலே அவருக்கு ஒரு நிம்மதி. கனம். கருப்பு. காதுக்குப் பழகின குளிர்ச்சி. எண்ணைச் சுற்றினார். அவரே அலைந்து திரிந்து அண்ணன் வீட்டில் வைக்கச் செய்த இணைப்பு. கூடத்தில் இருக்கும். அண்ணன் கிடக்கிற அறை ஒரு நிலைப்படி தள்ளி.

மதினி எடுத்தாள். நயினார் குரலைக் கேட்டதும், இருங்க தம்பி, அடுப்புல பால், பொங்கிறப்போகுது என்றாள். ரிசீவரை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால் நடந்து போகிற சத்தம். பாத்திரம் இறக்குகிற சத்தம். அப்புறம் கால் திரும்பி வந்தது. கூடத்துக்கு வரவில்லை. அறைப் பக்கம் போயிற்று.

நயினார் காத்திருந்தார்.

"ஆமா" என்றது மதினியின் குரல், தூரத்தில்.

சத்தமில்லை.

"அதெப்படி? நேத்து வேற மாதிரில்லா சொன்னீங்க."

மறுபடி சத்தமில்லை. இந்தத் தடவை நீளம். ரொம்ப நீளம். அப்புறம் அவள் சிரித்தாள். நயினார் அந்தச் சிரிப்பைக் கேட்டதே இல்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

"போதும் போதும். போன்ல ஆளு இருக்கு."

வந்து ரிசீவரை எடுத்தாள். சொல்லுங்க தம்பி என்றாள்.

நயினாருக்குச் சொல்ல வந்தது மறந்துபோயிற்று.

"வீட்டுல யாரு வந்திருக்கா, மதினி?"

"யாரு வரப்போறா, இந்த வீட்டுக்கு."

அவர் வைத்துவிட்டார். அண்ணன் எப்படி இருக்கான் என்று கேட்கக்கூட இல்லை.

சரிவு ஏறும்போது மூச்சு முட்டியது. நின்று நின்று ஏறினார். சித்தப்பா சொன்னது சரிதான் என்று ஓடியது மனசு. நீங்க வாங்க என்று மதினி மரியாதையாகப் பேசுகிற ஆள் எவனோ. பால் காய்ச்சிக் கொடுக்கிற அளவுக்கு வந்தாகிவிட்டது. அண்ணன் பக்கத்திலேயே. அவன் கண்ணெதிரிலேயே.

தையல்நாயகி திரையின் முன்னால் இருந்தாள். அவர் வந்ததைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள்.

அவர் உட்காரவில்லை. எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணன் விழுந்தது, சித்தப்பா சொன்னது, வெள்ளிக்கிழமை வண்டி, மதினி சிரித்தது. வந்த நாளிலிருந்து வீட்டைப் பற்றி வாயே திறக்காதவர் நிற்காமல் பேசினார்.

"எவனோ வீட்டுக்குள்ள இருக்கான், டீச்சர். அவ பொய் சொல்றா."

"எப்படித் தெரியும்?"

"இடைவெளி."

"என்ன இடைவெளி?"

அது அவருடைய தொழில். நிதானம் திரும்பி வந்தது. இணைத்துவிட்டவன் சில நேரம் ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்க நேரும். ஒரு பக்கம் போதும். பேசுகிறவன் எங்கே நிறுத்துகிறான், எவ்வளவு நேரம் நிறுத்துகிறான், நிறுத்தின பிறகு எப்படித் தொடங்குகிறான் என்பதிலேயே அந்தப் பக்கம் இருப்பது மாமியாரா மகளா, கோபமா கொஞ்சலா எல்லாம் தெரிந்துவிடும். எதிரே ஆளில்லாமல் பேசுகிறவன் நிறுத்தமாட்டான். நிறுத்தினாலும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிறுத்துவான். மதினி விட்ட இடைவெளி அப்படி இல்லை. ஒன்று குட்டை, ஒன்று நீளம். நீளத்துக்குப் பிறகுதான் சிரித்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு யாரோ ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள்.

"தனக்குத்தானே பேசியிருக்கலாம்ல?"

"இல்ல. சத்தியம் பண்ணுவேன். பதில் வந்துது."

"பக்கத்து லைனு?"

"காலையிலதான் அந்தப் பாடம் படிச்சேன்" என்றார் நயினார், கொஞ்சம் எரிச்சலாக.

தையல்நாயகி பேனாவின் மூடியைப் போட்டாள்.

"அந்த வீட்டுக்கு யாரு யாரு வர்றா, அண்ணாச்சி?"

"எனக்கெப்படித் தெரியும். நான் மலையில இருக்கேன்."

"சித்தப்பாவுக்குத் தெரியும்ல. அவர் என்ன சொன்னாரு?"

அவர் என்ன சொன்னார். நயினார் நினைத்துப் பார்த்தார். சித்தப்பா அதையும் சொல்லத்தான் செய்தார், காப்பகம்தான் நல்லது என்பதற்கு நியாயமாக. அந்த வீட்டு வாசலில் காக்கா கூட உட்காருவதில்லையடா என்றார். விழுந்த புதிதில் வந்தவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். பால்காரன் வாசல் திண்டிலேயே வைத்துவிட்டுப் போகிறான். வைத்தியர் மாசத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. எதிர்வீட்டுக்காரி நாள் முழுக்க ஜன்னலில்தான் இருக்கிறாள், ஒரு ஆள் உள்ளே நுழைந்ததாக அவளும் சொல்லவில்லை. சிரிப்பைத்தான் சொல்கிறாள். ஒரு ஆள் எட்டிப் பார்க்காத வீட்டில் அவள் ஒருத்தியாக எத்தனை நாள் கிடப்பாள் என்று சித்தப்பா உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"யாரும் வர்றதில்ல" என்றார் நயினார்.

"யாருமேவா?"

"யாருமே."

சட்டியின் இரும்பு குளிர ஆரம்பித்து எங்கோ ஒரு சத்தம் போட்டது. திரையில் பெரிய மேடு இருந்தது. பக்கத்தில் சின்ன மேடும் இருந்தது. இன்றைக்கு யாரும் அதைப் பறிக்கவில்லை.

நயினார் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எங்கண்ணன் வேகமாப் பேசுறவன், டீச்சர். கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வந்துரும். அந்தப் பக்கம் இருந்த ஆளு அப்படி இல்ல. ஒரு பதிலுக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டுது."

"ம்."

"என்னத்தை வச்சு சொல்லியிருப்பான்? வாய் அசையாது. கை அசையாது."

"எனக்குத் தெரியாது."

"அவ பாட்டுக்கு அவ்வளவு நேரம் காத்துக்கிட்டு நின்னாளே."

"ம்."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தான் எத்தனை தடவை அண்ணே என்று கூப்பிட்டோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். இரண்டு தடவை இருக்கும். மூன்று. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு விட்டோம்? விடவில்லை. தொலைபேசி நிலையத்துக்காரனுக்குக் காத்திருக்கிற வழக்கமில்லை. அந்தப் பக்கம் சத்தம் இல்லையென்றால் பிடுங்கி அடுத்த இணைப்பைச் சொருக வேண்டும். அப்படித்தான் கை பழகியிருந்தது.

கீழே கொட்டகையில் மணி அடித்தது.

சித்தப்பா. சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிற மனுஷன். மணி மலை முழுக்க அடித்தது. எடுக்க ஆளில்லாமல் நின்றது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

நயினார் எழுந்தார். கதவு வரைக்கும் போனார். நின்றார்.

"நான் நேருல பாத்தேன், டீச்சர். இந்தா, இவ்வளவு கிட்டத்துல. அந்தக் கண்ணுல ஒண்ணுமே இல்ல."

"முகிலை நேருல பாத்தா என்ன தெரியும்?"

"கருப்பு."

மணி அடித்துக்கொண்டிருந்தது.

"உள்ள நட்சத்திரம் இருக்குன்னு நீங்க அடிச்சுச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப நான் என்ன செய்ய?"

அது அன்றைக்கு எத்தனையாவது கேள்வியோ. தையல்நாயகி நாற்காலியைத் திருப்பினாள். முகத்தில் கோபமில்லை. அலுப்பு மாதிரி ஒன்று இருந்தது, பொறாமை மாதிரியும்.

"போய்ப் பாக்க வழியிருந்தா நான் எதுக்கு இந்தச் சட்டியைக் கட்டிக்கிட்டு இங்க உக்காந்திருக்கேன்" என்றாள். "உங்க ஊருக்கு பஸ் இருக்கு, அண்ணாச்சி."